பச்சை விழுந்தும் நகராத ஸ்கூட்டர்

ஜவஹர் கார் ஹாரனை மெல்ல ஒரு தட்டுத்தான் தட்டினான். சிக்னலில் பச்சை விழுந்ததும் முன்னால் கிளம்பப்போன ஸ்கூட்டர் சட்டென்று நின்றுவிட்டது.

"கோவம் வந்துடுச்சு போல" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி ஷண்முகப்ரியா.

ராயப்பேட்டையில் அந்த இடத்தில் மெட்ரோ வேலைக்காக இருபுறமும் தகரம் அடைத்திருந்தார்கள். ஸ்கூட்டர் நகர்ந்தால்தான் கார் போக முடியும். அதை ஓட்டி வந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி சிவப்பு விழுந்தது.

"இன்னொரு தடவ அடிங்க. பெருங்குடி போய்ச் சேரணும். இந்த இன்டர்வியூவும் போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

"பாவம், வண்டி ஆஃப் ஆயிடுச்சோ என்னமோ. இரு."

அவனுக்கு ஹாரன் அடிப்பதே பிடிக்காது. அதிலும் போன மாதம் வாங்கிய இந்தப் பழைய காரின் ஹாரன், தொண்டை கட்டியவன் இருமுகிற மாதிரி முதலில் கமறிவிட்டுத்தான் கத்தும்.

பின்னாலிருந்து பஸ் அலறியது. ஆட்டோ அலறியது. அந்தப் பெண் சிலையாக இருந்தாள். மீண்டும் பச்சை.

"இன்னா நைனா, தூங்கிக்கினு கீறியா? அடிப்பா!" ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் கத்தினார்.

ஜவஹர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனை அழுத்தினான். கார் கமறிக் கத்தியது.

அந்தப் பெண் அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஐம்பது வயதிருக்கும். தலையைச் சற்றே சாய்த்து, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஷண்முகப்ரியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க."

அவன் இறங்கிப் போனான். ஸ்கூட்டரின் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உடம்பு சரியில்லையாம்மா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, காரின் முகப்பையே பார்த்தாள்.

"அந்த ஹாரன மாத்தவே இல்லியா தம்பி?"

அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "சாரிம்மா. பழைய வண்டி. பயந்துட்டீங்களா? இன்னைக்கே மாத்திடறேன்."

"ஐயோ, வேணாம்!" அவள் அவன் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள். "அது எம் மகன் வாஜித் ஓட்டின கார் தம்பி. அவன் எங்கள விட்டுட்டு மௌத்தானப்புறம் வித்துட்டோம். தெரு முனையிலயே அடிப்பான். நான் ஓடிப் போய் கேட்டத் தொறப்பேன்."

பின்னால் அத்தனை வண்டிகளும் சேர்ந்து அலறின. அவள் காதில் அதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நான் போயிடறேன் தம்பி. இன்னும் ஒரே ஒரு தடவ அடிங்க."