புழுதியில் ஒரு கை

"சைக்கிள்காரனுக்கெல்லாம் ரூலே கிடையாது. நடுரோட்டுல சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி கையை நீட்டுறான். விடுவேனா? ஹாரன் அடிச்சு ஒட்டியே முந்தி வந்துட்டேன்." காரை விட்டு இறங்கும்போதே கத்தினேன்.

லைசென்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தாரணி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"எந்தக் கைப்பா?"

"வலது கை. தோளுக்கு நேரா."

"வலது பக்கம் திரும்பப் போறேன்னு அர்த்தம்ப்பா அது. ஒட்டியா வந்தீங்க?"

எழுந்து காரின் இடப்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன். குவாரி லாரிகள் கிளப்பிய புழுதி காரின் மேல் மாவு போல் படிந்திருந்தது. முன்கதவில் தொடங்கிய நான்கு விரல் தடம் நேராகப் போய், பின்கதவில் சட்டென்று கீழே சரிந்தது. பின்சக்கரத்துக்கு மேலே ஐந்து விரல்களும் விரிந்து பதிந்திருந்தன. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

"திரும்பிப் பார்த்தீங்களாப்பா?"

நான் பார்க்கவில்லை.

"அப்பா, அதைக் கீழ வைங்க."

செடிகளுக்காக நிரப்பி வைத்திருந்த தண்ணீர் வாளி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.