பாடத்தில் இல்லாத கேள்வி

உணவியல் கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. இதில் கோட்டை விட்டால் ஒரு வருடம் போச்சு. மாணவிக்கு எதிரே, நோயாளியாக நடிக்க வரவழைத்திருந்த நாடகக்காரி. பக்கத்தில், மருந்துக்கும் சிரிப்பில்லாத முகத்தோடு தேர்வாளர்.

"சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்தவே முடியல மேடம்," என்று நாடகக்காரி கண்ணைக் கசக்கினாள்.

"எப்போ இப்படி ஆகுது?" என்று கேட்டாள் மாணவி.

"தனியா இருக்கும்போது." மனப்பாடம் செய்த பதில் சரளமாக வந்தது.

"கடையில அவ்வளவும் வாங்கும்போது, வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்கன்னு சொல்வீங்களா?"

"ஆ... ஆமா."

"காலி கவரையெல்லாம் எங்க போடுவீங்க?"

நாடகக்காரி திருதிருவென்று விழித்துத் தேர்வாளரைப் பார்த்தாள். "மேடம், இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுக்கலையே!"

தேர்வாளரின் பேனா நின்றது. "எந்தப் புத்தகத்துலயும் இல்லாத கேள்வியா இருக்கே. சரி, பதிலை நீயே சொல்லும்மா."

மார்க் போய்விடுமே என்ற பதற்றத்தில் மாணவி படபடவென்று கொட்டினாள். "ரூம் குப்பைக்கூடையில போட்டா கூட இருக்கறவ பார்த்துடுவா மேடம். அதனால சின்னதா மடிச்சு, கோட்டுப் பாக்கெட்ல வச்சு, காலேஜுக்கு வந்து..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை தானாகப் போய் வெள்ளைக் கோட்டின் பையைப் பொத்தியது. உள்ளே ஏதோ சரசரத்தது.

"முழு மார்க் போட்டாச்சு," என்றார் தேர்வாளர் மெதுவாக. "தேர்வு முடிஞ்சுதும்மா."

மாணவி எழுந்திருக்கவில்லை. நாடகக்காரிதான் எழுந்தாள். நோயாளிக்குப் போட்டிருந்த நாற்காலியை மாணவியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.