24/64

டொலீடோ நகரத்துப் பட்டறையில், டூல் ரூமுக்குப் பொறுப்பேற்ற முதல் நாளே கர்டிஸுக்கு வியர்த்துக் கொட்டியது. வரைபடத்தில் துளையின் அளவு 0.375 அங்குலம். அங்கே அங்குலத்தை அறுபத்து நான்காகப் பிரித்து அளப்பதுதான் வழக்கம். பெருக்கிப் பார்த்தான், 24 வந்தது. பெட்டியில் 23/64 என்று பொறித்த டிரில் பிட் இருந்தது. 25/64 இருந்தது. 24/64 மட்டும் இல்லை.

"யாரோ சுட்டுட்டாங்க பாஸ்," என்று ஃபோர்மேன் டெல்பர்ட்டிடம் ஓடினான்.

பெட்டியைப் பார்த்த டெல்பர்ட்டின் முகம் இறுகியது. மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"24/64 பிட்டைக் காணோம். எடுத்தவங்க சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள இந்த மேஜைல வெச்சிடணும். யாருன்னு கேக்க மாட்டேன். வைக்கலன்னா கேட்டைப் பூட்டிட்டு ஒவ்வொரு காரா திறந்து பாப்பேன்."

"வந்த அன்னிக்கே எங்க வயித்துல அடிக்கிறியா?" என்று கர்டிஸை இடித்துக்கொண்டு போனார் வெல்டர் ராய். கர்டிஸ் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

திரும்பி வந்தபோது மேஜையில் இடமில்லை. மைக்ரோமீட்டர்கள், கிரைண்டர், ஸ்பேனர் செட், எப்போதோ தொலைந்த டெல்பர்ட்டின் டார்ச் லைட் கூட.

"24/64 மட்டும் இன்னும் வரல பாஸ்."

"வராது." டெல்பர்ட் பெட்டியை நீட்டினார். 23-க்கும் 25-க்கும் நடுவில் இருந்த பிட்டில் 3/8 என்று பொறித்திருந்தது.

"24, 64 ரெண்டையும் எட்டால வகுத்துப் பாரு. பிட்டுல எப்பவும் சுருக்கின பின்னம்தான் போட்டிருப்பான்." குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. அடுத்த மாசம் 40/64 காணாமப் போகணும்."