வேட்டைக்கு ஒரு வெடி

முகாம் மேசையில் கிடந்த இரண்டு பிஸ்டல்களையும் ஏரம்பர் நம்பிக்கையில்லாமல் பார்த்தார். வேட்டைக்கென்று அவர் வைத்திருந்த துவக்கைப் போன வருடம் இந்த இயக்கப் பெடியள்தான் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இதைப் பாருங்கோ அப்பு. விசையை இழுக்க இழுக்க அடுத்த ரவை தானாய் ஏறும். காட்டுப் பண்டியே விழும்," என்றான் முகாம் பொறுப்பாளன்.

"விழுறது கிடக்கட்டும் தம்பி. ரெண்டிலை எதுக்குச் சத்தம் கூட?"

"சத்தம் கேட்டால் மிருகம் ஓடியெல்லே போகும்?"

"ஓடாது. சத்தமில்லாட்டித்தான் வேட்டை சரிவராது. போன வருசம் வாயாலை 'டும்' எண்டு சொன்னனாங்கள். ஊரே சிரிச்சது."

பொறுப்பாளன் பெரிய பிஸ்டலை எடுத்தான். "உங்கடை கையிலை தர ஏலாது. நானே வந்து சுடுறன். எத்தினை ரவை வேணும்?"

"ஒண்டு போதும். அவருக்குக் குறி தப்பினதில்லை."

மறுநாள் மாலை மடத்துவெளிக் கோயிலில் வேட்டைத் திருவிழா. முருகன் மரக்குதிரையில் வெளிக்கிட்டார். சாமிக்காக ஐயர், நட்டுவைத்த வாழையில் அம்பை எய்ததும், பொறுப்பாளன் வானத்தைப் பார்த்துச் சுட்டான்.

முன்பெல்லாம் வெடி கேட்டதும் சனம் "அரோகரா" என்று கும்பிடும். இந்த முறை நேவி வந்து சுடுகிறதென்று நினைத்து எல்லோரும் மண்ணில் குப்புற விழுந்தார்கள். ஐயரும்தான். சாமியைத் தூக்கியவர்கள் மட்டும் குனிய ஏலாமல் நின்றார்கள்.

ஏரம்பர் கிடந்தபடியே பொறுப்பாளனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, வாற வருசம் நாங்கள் வாயாலையே சொல்லுறம்."