செல்லக்கிளிக்கு வந்த பொன்னாடை

பழைய வாஷிங் மெஷின் டிரம்மை அறுத்து, திரும்பத் திரும்பத் தோற்று, சின்ன வெங்காயம் உரிக்கும் இயந்திரத்தைச் செய்து முடித்தவள் செல்லக்கிளி. பாராட்டு விழா மேடையில் பொன்னாடையை விரித்த தலைவர் நெளிந்தார். "பொம்பளைக்கு நான் எப்படிப் போத்துறது? வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கப்பா." இதே இயந்திரத்தைக் குப்பை என்று தெருவில் தூக்கி எறிந்த அவள் புருஷன் வீரபுத்திரன் ஓடிவந்து, குனிந்து தோளைக் காட்டினான். கைதட்டல் ஓயவில்லை. "அப்படியே இந்த மெஷினை ஓட்டிக் காட்டுங்க தம்பி," என்றார் தலைவர். வீரபுத்திரன் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஏய் கிளி, சுவிட்சு எங்கடி இருக்கு?" என்று பல்லைக் கடித்தான். அவள் நாற்காலியை மேடை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவசரமில்ல. போத்திக்கிட்டே தேடுங்க."