கரண்டி வந்த பெட்டி

இணையத்தில் வாங்கிய கரண்டியைக் கூரியர்காரன் இன்சாப் கொண்டுவந்து கொடுத்தான். அகஸ்ரினா வாசலிலேயே பெட்டியைப் பிரித்தாள். ஆட்டுக்குட்டி படுக்கக்கூடிய பெட்டிக்குள் ஒரேயொரு கரண்டி கிடந்தது.

"கரண்டி முந்நூறு. பெட்டிக்கும் தபாலுக்கும் அறுநூறோ? மண்டபம் அகதி முகாமில இருந்து குடும்பமா திரும்பி வரேக்க எங்களிட்டயே இவ்வளவு பெரிய பெட்டி இருக்கேல்லை!"

கொழும்பில் இருந்த விற்பனையாளனுக்கு உடனே போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"உது பகல் கொள்ளை, தம்பி!"

"உடையாமல் வரோணுமெல்லோ, அக்கா?"

"இரும்புக் கரண்டி எப்பிடியடா உடையும்?"

பிறகு அவள் பேசிய பேச்சுக்கு இன்சாப் காதைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, நீங்கள் மன்னாரோ?" என்று அந்தக் குரல் பேச்சை மாற்றப் பார்த்தது. இன்சாப் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தப்பினான்.

பின்னேரம் அவளே அவனைக் கூப்பிட்டாள்.

"ஒரு பார்சல் அனுப்போணும், தம்பி. எங்கட மன்னார்க் கருவாடு."

இன்சாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "அக்கா, இது காலமை நான் கொண்டந்த பெட்டியெல்லோ?"

"ஓம். கருவாட்டுக்கு ஒரு விலை. பெட்டிக்குப் புறம்பா அறுநூறு."

"பழைய பெட்டிக்கோ? வாங்கிற ஆள் பேசாதோ?"

"பேசினவன்தான். 'உடையாமல் வரோணுமெல்லோ, தம்பி' எண்டன். அதோட வாயை மூடிட்டான்."

இன்சாப் பேனையை எடுத்தான். "சரி, விலாசத்தைச் சொல்லுங்கோ."

"என்னத்துக்கு? பெட்டியிலயே அடிச்சுக் கிடக்கு. 'அனுப்புபவர்' எண்டதை வெட்டிப்போட்டு 'பெறுபவர்' எண்டு எழுது."