துவைத்து அனுப்பிய சேலை

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

அவள் மடியில் வைத்த நொடியில் தொடங்கிய அழுகை. தோளில் போட்டாள். முதுகைத் தட்டினாள். ஜன்னலருகே தூக்கிப் போய் வேப்பமரத்தைக் காட்டினாள். ஐந்து மாதப் பிள்ளைக்கு வேப்பமரத்தில் என்ன இருக்கிறது? முதுகை வளைத்துத் திமிறியது.

தத்தெடுப்புக் கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. நாலு வருஷக் காத்திருப்பு முடிந்து, இன்று காலை பத்தே முக்காலிலிருந்து அவள் அம்மா. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பிள்ளை காகிதத்தைப் பார்க்கவில்லை.

கணவன் சங்கரபாண்டி புதுக் கிலுகிலுப்பையை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டு இன்னும் வீறிட்டது.

"வேணும்னா ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிட்டுப் போறியளா?" என்று குழந்தைகள் இல்லத்து ஆபீஸில் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள்.

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அழுகிற பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தன்னை வேண்டாம் என்கிறது என்றே நினைத்தாள்.

அப்போதுதான் மரியபுஷ்பம் வந்தாள். ஐந்து மாதமாகப் பிள்ளையை வளர்த்த ஆயா. கையில் ஒரு சேலை மடிப்பு.

புது அம்மாவுடைய சேலைதான். ஊதாப் பூப்போட்ட காட்டன்.

பதினைந்து நாளைக்கு முன் இல்லத்திலிருந்து ஆள்விட்டுக் கேட்டு வாங்கிப்போனது. அம்மாவாகப் போகிறவள் கட்டிய சேலையில் தொட்டில் கட்டுவது அங்கே வழக்கம். பிள்ளை அந்த வாசத்தில் தூங்கிப் பழகும். கைமாறும் நாளில் அழாது.

சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். கேட்டவள்தான் அவள் ஆயிற்றே.

சுத்தம் என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அவள் வீட்டில் பால் பாக்கெட்டுக்கும் குளியல் உண்டு. பச்சைப் பிள்ளைக்குப் போய் கட்டின சேலையைக் கொடுப்பாளா? இரண்டு முறை சோப்புப் போட்டாள். டெட்டாலில் முக்கினாள். வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, புதுக் கவரில் வைத்து அனுப்பினாள். அன்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

"என்னம்மா நீங்க, துவைச்சுல்லா அனுப்பிட்டிய!" என்றாள் மரியபுஷ்பம். "ஒங்க வேர்வையோட அப்பிடியே வரணும். இதுல டெட்டால் வாசந்தான் வந்துச்சு. மனசு கஷ்டப்படுமேன்னு அன்னைக்கு நான் சொல்லல."

சங்கரபாண்டி கிலுகிலுப்பையை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டான். நல்லவேளை.

அவளுக்கு அழுகை வந்தது. கைக்குட்டை எங்கேயோ இருந்தது. மரியபுஷ்பம் நீட்டிய சேலையால் முகத்தைத் துடைத்தாள்.

துடைத்த கை அப்படியே நின்றது.

டெட்டால் இல்லை. சோப்பு இல்லை.

புளித்த பால். தேங்காயெண்ணெய். கொஞ்சம் மூத்திரம். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று, பேர் தெரியாதது, இளஞ்சூடானது.

மறுபடி முகர்ந்தாள்.

நாலு வருஷத்தில் அவள் பிள்ளைக்கு எத்தனையோ பெயர் யோசித்திருக்கிறாள். கண் எப்படி இருக்கும், சுருட்டை முடியா, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போகலாம் என்று யோசித்திருக்கிறாள். வாசம் என்று ஒன்று இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

பதினைந்து நாளாக அவள் சேலைக்குள் ஓர் உயிர் இருந்திருக்கிறது. தூங்கி, சிணுங்கி, எச்சில் ஒழுக்கி, தன்னை அதில் விட்டு வைத்திருக்கிறது.



சேலையை உதறித் தன் தோளில் போட்டாள். அதன்மேல் பிள்ளையைச் சாய்த்தாள்.

சின்ன மூக்கு துணியில் இப்படியும் அப்படியும் உரசியது. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். பிறகு அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு கை நீண்டு சேலை ஓரத்தைப் பிடித்தது. கூடவே அவள் கழுத்துச் செயினையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"இப்ப அது தன் வாசத்தத்தான் தேடுது. ஒங்க வாசம் பொறவு ஏறும்," என்றாள் மரியபுஷ்பம். "எல்லாத்தையும் உடனே உடனே துவைச்சுப் போடாதிய."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை.

கார் தாமிரபரணிப் பாலத்தில் ஏறியபோது பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டாள். இந்த நகங்கள். இந்த இமைகள். இதையெல்லாம் யார் உட்கார்ந்து செய்தார்கள்?

மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.

இன்றைக்கென்று எடுத்த பட்டுச்சேலை. முதல் தடவை கட்டியிருக்கிறாள். ஈரம் முழங்கால் வரை இறங்கியது.

சங்கரபாண்டி பார்த்துவிட்டான். அவனுக்குத் தன் மனைவியைத் தெரியும். பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினான்.

"மாத்துச் சேலை பின்னால பையில இருக்குல்லா? எடுக்கட்டுமா?"

அவள் அசையவில்லை.

"வேண்டாம்," என்றாள். "காயட்டும்."